கருப்பட்டி டிராட்டில் மட்டும் ஏன் நின்றான்?

எங்கள் சவாரிப் பதிவேட்டில் கருப்பட்டியின் பெயருக்கு நேரே "சண்டி" என்ற சொல் ஒன்பது இடங்களில் இருந்தது. டிசம்பரில் ஒன்று, ஜனவரியில் மூன்று, பிப்ரவரியின் முதல் மூன்று வாரங்களில் மட்டும் ஐந்து. ஒன்பதில் நான்கு என் கையெழுத்து.

கருப்பட்டி ஒரு மட்டக்குதிரை. காயடித்த ஆண். பல்லை வைத்துச் சொன்னால் 9 வயது இருக்கும். உயரம் 12 கை 2 அங்குலம், அதாவது 127 சென்டிமீட்டர். கோவைக்கு வெளியே உள்ள எங்கள் சவாரிப் பள்ளியில் நான்கு வருடமாகக் குழந்தைகளைச் சுமக்கிறான். பெயருக்கு ஏற்ற நிறம், அகலமான முதுகு, உருண்ட வயிறு. முதன்முறை குதிரை ஏறும் குழந்தையை யார் மேல் ஏற்றுவது என்று எங்களுக்குள் பேச்சே வராது. கருப்பட்டிதான். அவனைச் சண்டி என்று எழுத நேர்ந்தபோதே எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும்.

வழக்கமாக அவன் மேல் ஏறுகிறவள் 11 வயதுச் சிறுமி. பிப்ரவரி மூன்றாவது வாரம் ஒரு சனிக்கிழமை, பாதி வகுப்பில் இறங்கிவிட்டாள்.

"என்னம்மா ஆச்சு?" என்றேன்.

"அக்கா, முன்ன மாதிரி இல்லக்கா. டிராட்ல உட்காரவே முடியல, வயிறெல்லாம் குலுக்குது. அவனுக்கும் பிடிக்கல."

அந்தக் கடைசி வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் நாங்கள் தேட ஆரம்பித்தோம்.

அன்று பார்த்ததை அப்படியே எழுதிவைத்தேன். வாக்கில், அதாவது மெதுநடையில், குறை எதுவும் இல்லை. டிராட், அதாவது துள்ளோட்டம், கேட்டால் முதலில் வாலைச் சுழற்றி அடிப்பான். இரண்டு மூன்று தப்படி தலையைத் தூக்கி, வாயைத் திறந்து, பிறகு ஓடுவான். ஓட்டம் குட்டைக் குட்டையாக, படபடவென்று இருக்கும். இரண்டு சுற்று முடிந்ததும் காது பின்னால் மடியும். மூன்றாவது சுற்றில் வாக்குக்கு வந்துவிடுவான், இல்லையென்றால் வளையத்தின் நடுவே திரும்பி நின்றுகொள்வான். உதைப்பதோ ஆளைத் தள்ளுவதோ கிடையாது. நிற்பான், அவ்வளவுதான்.

பிரிட்டனைச் சேர்ந்த குதிரை மருத்துவர் சூ டைசனும் அவருடைய குழுவினரும் 2018இல் ஒரு பட்டியலை வெளியிட்டார்கள். ஆள் ஏறியிருக்கும்போது குதிரை காட்டும் 24 நடத்தைகள் அதில் இருக்கின்றன. காது மடிந்தே இருப்பது, வாய் திறந்து மூடுவது, வால் சுழற்றுவது, சொல்லாமலே ஓட்டம் மாறுவது, பின்னங்கால் முனை தரையில் உரசுவது என்று போகும். 24இல் 8 அல்லது அதற்கு மேல் தெரிந்தால் தசையிலோ எலும்பிலோ மூட்டிலோ வலி இருக்கக்கூடும் என்று பொருள். வீடியோவைப் பார்த்து நான் போட்ட மதிப்பெண் 11. பயிற்சி பெற்றவர் போட்டால் ஒன்றிரண்டு கூடக் குறைய வரலாம். ஆனாலும் அந்த எண்ணைப் பார்த்தபின் சண்டி என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

டிராட்டில் மட்டும் தெரிவதற்குக் காரணம் உண்டு. வாக்கில் எந்நேரமும் இரண்டு மூன்று கால்கள் தரையில் இருக்கும், பாரம் பங்காகிவிடும். டிராட்டில் முன் இடதும் பின் வலதும் ஒரு ஜோடி, முன் வலதும் பின் இடதும் இன்னொரு ஜோடி. ஒரு ஜோடி இறங்கும், உடம்பு ஒரு நொடித்துளி அந்தரத்தில் நிற்கும், அடுத்த ஜோடி இறங்கும். இறங்கும் ஒவ்வொரு முறையும் முன்னங்கால் ஒன்றின் மேல் கிட்டத்தட்ட முழு உடல் எடை அளவுக்கு விசை விழுகிறது. மேலே இருக்கும் ஆளும் தன் எடையைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு அழுத்தத்தை முதுகில் இறக்குகிறார். ஆகவே முதுகில் கோளாறு, காலில் கோளாறு, சேணத்தில் கோளாறு எல்லாமே டிராட்டில்தான் வெளிவரும். எங்கே என்று மட்டும் அது சொல்லாது.

முதலில் எடையைத் தீர்த்துவிடலாம் என்று அளவு நாடாவை எடுத்தோம். நெஞ்சுச் சுற்றளவு 150 செ.மீ., தோள் முனையிலிருந்து பின்தொடை முனை வரை நீளம் 135 செ.மீ. சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் தோராயமான எடை வரும். வந்தது 256 கிலோ. சிறுமி 34 கிலோ, சேணமும் மற்றதும் 6 கிலோ. மொத்தம் 40, அவன் எடையில் 16 சதவீதத்துக்கும் கீழே. பொதுவாகச் சொல்லும் 20 சதவீத வரம்புக்குள்தான் இருக்கிறது. ஆனால் பதிவேட்டைப் புரட்டினால் ஞாயிற்றுக்கிழமைகளில் 52 கிலோ எடையுள்ள ஒரு பையனும் அவன் மேல் ஏறியிருக்கிறான். சேணத்தோடு 58. அது 22 சதவீதத்தைத் தாண்டுகிறது. அந்தப் பையனை அன்றே பெரிய குதிரைக்கு மாற்றினோம். யார் கவனக்குறைவு என்று தேட வேண்டியதில்லை, அட்டவணை போட்டவள் நான்.

ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தது

மூன்று நாள், காலை ஒரே நேரம், அதே மணல் வளையம். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் கூட்டுவது என்று வைத்துக்கொண்டோம். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டால் எது பலித்தது என்று தெரியாமலே போய்விடும். போனில் மெதுவோட்டப் பதிவு போட்டு முன்னால், பின்னால், பக்கவாட்டில் என்று மூன்று கோணத்திலும் எடுத்தோம்.

தலைக்கயிறு மட்டும் போட்டு ஓட்டியபோது காது முன்னால் இருந்தது, வால் சும்மா இருந்தது, ஓட்டமும் சரியாகவே பட்டது. சேணம் வைத்து வயிற்று வாரை இழுத்தபோது திரும்பிப் பார்த்துப் பல்லைக் காட்டினான். ஆள் இல்லாமலே ஓட்டம் கொஞ்சம் சுருங்கியது. மூன்றாம் நாள் எடை குறைந்த, நன்றாக ஓட்டத் தெரிந்த ஒரு மாணவியை ஏற்றினோம். வாயில் இரும்பு இல்லை, கடிவாள வாரைத் தலைக்கயிற்றிலேயே கட்டியிருந்தோம். வாய் திறப்பது பாதியாகக் குறைந்தது. மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. அப்படியென்றால் கோளாறு அந்தச் சிறுமியின் கையிலோ உட்காரும் முறையிலோ இல்லை. இதை அவளிடம் சொன்னபோது அவள் முகம் தெளிந்ததைப் பார்த்துத்தான், இத்தனை நாள் அவள் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தாள் என்று புரிந்தது.

வாயைக் கால்நடை மருத்துவர் பார்த்தார். குதிரையின் மேல் கடைவாய்ப் பற்கள் கீழ்ப் பற்களைவிட அகலமாக நிற்பதால், மெல்லும்போது மேல்பல்லின் கன்னப்பக்க ஓரமும் கீழ்ப்பல்லின் நாக்குப்பக்க ஓரமும் தேயாமல் கத்தி மாதிரி கூர்ந்துவிடும். கருப்பட்டிக்கு இரண்டு பக்கமும் அப்படி இருந்தது. இடது கன்னத்தின் உள்ளே ஒரு சின்னப் புண்ணும் இருந்தது. மயக்க ஊசி போட்டு ராவிவிட்டார். வாய் திறப்பதற்கு அது ஒரு காரணம். ஓட்டம் குட்டையாவதற்கு அது காரணமாகாது.

சேணம்தான் அதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு. கழற்றியதும் முதுகைப் பார்த்தோம். எங்கும் வியர்வை, ஆனால் தோள்பட்டை எலும்புக்குப் பின்னால் இரண்டு பக்கமும் உள்ளங்கை அளவுக்குக் காய்ந்த இடம். விடாமல் அழுத்தம் விழும் இடத்தில் இப்படி வியர்க்காமல் போகலாம். அதே இடத்தில் விரல் நுனியால் மெதுவாக அழுத்தினேன். தோல் துடித்தது, முதுகு கீழே அமிழ்ந்தது. கொஞ்சம் வெள்ளை முடியும் இருந்தது. வெள்ளை முடி நேற்று இன்று வருவதில்லை. முன்பு எப்போதோ அழுத்தி மயிர்க்கால் கெட்ட இடத்தில்தான் அப்படி முளைக்கும்.

அந்தச் சேணம் ஒடுங்கிய உடம்புள்ள பந்தயக் குதிரைக்காக வாங்கியது. அதன் உள்சட்டம் குறுகல், இருக்கை 17 அங்குலம். கருப்பட்டிக்கு முதுகு அகலம், நீளம் குறைவு, சேணத்தைப் பிடித்து நிறுத்தத் தோளுக்கு மேல் மேடும் இல்லை. குறுகிய சட்டம் இரண்டு பக்கமும் கவ்வியது. உருண்ட வயிற்றின் அமைப்பால் வயிற்று வார் முன்னால் நழுவி, சேணத்தையும் தோளின் மேல் இழுத்துக்கொண்டு போனது. முன்னங்கால் முன்னே நீளும்போது தோள்பட்டை எலும்பின் மேல்முனை பின்னால் சுழலும். அது சுழல வேண்டிய இடத்தில் சட்டம் முட்டிக்கொண்டிருந்தது. சேணத்தின் வால் பக்கமோ கடைசி விலா எலும்பைத் தாண்டி இடுப்பில் உட்கார்ந்திருந்தது. எலும்புத் தாங்கல் இல்லாத அந்த இடத்தில் பாரமே ஏறக் கூடாது.

அகலச் சட்டமும் 15 அங்குல இருக்கையும் உள்ள ஒரு பழைய சேணத்தைத் தேடிப் பிடித்து, அடிமெத்தையில் கம்பளி மாற்றி, முன்னால் நழுவாமல் இருக்க வால் வார் ஒன்றும் சேர்த்தோம். முதுகுக்கு இரண்டு வாரம் ஓய்வு. காலை ஆறு மணி வகுப்புக்கு வெறும் வயிற்றில் கொண்டுவரும் பழக்கத்தையும் நிறுத்தினோம். குதிரையின் வயிற்றில் அமிலம் இரவும் பகலும் சுரந்துகொண்டே இருக்கும். வெறும் வயிற்றில் ஓடினால் அது மேலே தெறித்துப் புண்ணாக்கும். அரை மணி முன்னால் ஒரு கட்டுப் பசும்புல் வைத்தால் போதும், செலவே இல்லாத விஷயம்.

இரண்டு வாரம் கழித்து ஏறினோம். வயிற்று வாருக்குப் பல் காட்டவில்லை. வால் ஓரளவு அடங்கியது. எல்லோருக்கும் சந்தோஷம். அன்று மாலை வீடியோவை நிதானமாகப் பார்த்து மதிப்பெண் போட்டேன். 8 வந்தது. ஓட்டம் அதே குட்டை.

இங்கே நிறுத்தியிருக்க முடியும். சேணம் தப்பு, மாற்றியாச்சு, அவன் தேறிவருகிறான் என்று முடித்திருக்கலாம். கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிற ஒரு காரணம் கிடைத்துவிட்டால் மனசு அங்கேயே உட்கார்ந்துகொள்கிறது. நானும் நான்கு நாள் அப்படித்தான் இருந்தேன்.

லாயத்து அண்ணன் சொன்னது

குதிரைகளைப் பார்த்துக்கொள்கிற அண்ணனுக்கு அறுபது வயது தாண்டியாகிவிட்டது. ஒருநாள் தண்ணீர்த் தொட்டிக்குக் கருப்பட்டியைக் கூட்டிப் போகும்போது என்னைக் கூப்பிட்டார்.

"அம்மிணி, நீங்க மணல்லயே ஓட்டிப் பாக்கறீங்க. கெட்டித் தரையில பாருங்க. இவன் தொட்டிக்குப் போகையில கல்லுல கால் வைக்க மாட்டான். ஓரமா, புல்லு இருக்கிற பக்கமாத்தான் போவான்."

"எத்தனை நாளா அண்ணா?"

"தை பொறந்ததுல இருந்தே அப்படித்தானுங்க."

யாரும் அவரிடம் கேட்கவில்லை, அதனால் அவரும் சொல்லவில்லை. தினமும் நான்கு முறை அந்தக் குதிரையோடு நடக்கிறவர் அவர்தான்.

பதிவேட்டை மறுபடி எடுத்தேன். ஒன்பது சண்டியில் ஏழு, மணல் வளையத்தில் இடமில்லாமல் வெளிச் செம்மண் திடலில் நடந்த வகுப்புகள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தத் திடல் மெத்தென்று இருக்கும். தை மாதத்துக்கு மேல் சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். இன்னொன்றும் கண்ணில் பட்டது. கடைசியாக லாடம் அடித்தது நவம்பர் கடைசியில். அதாவது பிப்ரவரி மூன்றாவது வாரத்தில் அந்த லாடத்துக்கு வயது 12 வாரம். தரை இறுகியதும் லாடம் பழசானதும் சேர்ந்தே நடந்திருப்பதால் எது எவ்வளவு என்று பதிவேட்டை வைத்துப் பிரிக்க முடியாது. ஆனால் இரண்டுமே கைகாட்டுவது குளம்பை.

அன்றே செம்மண் திடலில் நீள வாரில் கட்டி வட்டமாக ஓட்டினோம். சேணம் இல்லை, ஆள் இல்லை. இடப்பக்கம் சுற்றும்போது உள்பக்கத்து இடது முன்னங்காலைக் கொஞ்சம் தாங்கினான், தலை லேசாக ஏறியது. வலப்பக்கம் சுற்றும்போது வலது காலைத் தாங்கினான். நேராக ஓடினால் தலை ஆடவே இல்லை.

முன்னங்கால் ஒன்றில் வலி இருந்தால், அந்தக் கால் தரையில் படும்போது குதிரை தலையைத் தூக்கும், நல்ல கால் படும்போது தலையை இறக்கும். நொண்டியைக் கண்டுபிடிக்க எல்லோரும் நம்புகிற அடையாளம் அதுதான். இரண்டு காலிலும் ஒரே அளவு வலி என்றால் தலையை எதற்குத் தூக்குவது, எதற்கு இறக்குவது? ஆட்டம் வராது. ஓட்டம் மட்டும் இரண்டு பக்கமும் சமமாகக் குறுகும். அதைத்தான் நாங்கள் சோம்பல் என்றோம், சண்டித்தனம் என்றோம். சிறுமிக்கு வயிறு குலுங்கியதும் அதனால்தான். நீட்டி வைக்க வேண்டிய கால் பாதியில் இறங்கிவிடுகிறது, முதுகு இறுகிப்போகிறது, அதிர்ச்சியெல்லாம் மேலே போகிறது.

முதல் நாள் தலைக்கயிற்றோடு எடுத்த வீடியோவை மறுபடி போட்டேன். குளம்பை மட்டும் பார்த்தேன். நல்ல குளம்பு குதி முதலில் படும்படியோ தட்டையாகவோ இறங்க வேண்டும். கருப்பட்டியின் இரண்டு முன்குளம்புகளும் முனை முதலில் மணலைக் குத்தி, அதன் பிறகு குதியை மெல்ல இறக்கின. சூடான தரையில் வெறுங்காலோடு நாம் விரல் ஊன்றி நடப்பது போல. முதல் நாளே படத்தில் இருந்திருக்கிறது. காது, வால், வாய் என்று மேலேயே பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் தெரியவில்லை.

மரப்பு ஊசி

மருத்துவர் மறுபடி வந்தார். மட்டக்குதிரை என்றாலே முதலில் பயப்பட வேண்டியது குளம்பழற்சி. கொழுத்த பிடரி, கணுவில் துடிக்கும் நாடி, குளம்பில் சூடு, பாரத்தைப் பின்னால் சாய்த்து நிற்பது எல்லாவற்றையும் தேடினார். இல்லை. அப்புறம் தாடை எலும்பை இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தார். எனக்குப் புரியவில்லை, கேட்டேன். நம் பக்கம் குதிரைகளுக்குக் கோதுமைத் தவிடு அதிகம் போடுகிறோம், அதில் பாஸ்பரஸ் கூடுதல். கம்பு நேப்பியர் புல்லில் உள்ள ஆக்சலேட், சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்தால் எலும்பு வலுவிழந்து, தாடை வீங்கி, கால் மாற்றிக் கால் தாங்கும் குதிரைகளைப் பார்த்திருக்கிறேன் என்றார். கருப்பட்டியின் தாடை சரியாக இருந்தது. இருந்தாலும் தவிட்டைப் பாதியாக்கி, குதிரைமசால் சேர்க்கச் சொன்னார். பெயரிலேயே குதிரை இருக்கிற தீவனத்தை அத்தனை நாள் நாங்கள் ஆட்டுக்குத்தான் வாங்கிக்கொண்டிருந்தோம்.

குளம்பைச் சோதிக்கும் பெரிய இடுக்கியால் அடிப்பாகத்தைச் சுற்றிலும் அழுத்தினார். முனைப் பக்கம் ஒன்றும் இல்லை. குதிப் பக்கம் நடுவில் இருக்கும் மெத்தென்ற முக்கோணத்தின் குறுக்கே அழுத்தியபோது இரண்டு காலையும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

பிறகு இடது முன்காலின் கணுவுக்குப் பின்னால், குதிக்குச் சற்று மேலே, இரண்டு பக்கமும் நரம்பின் மேல் மரப்பு மருந்தைச் சிறிதளவு போட்டார். பத்து நிமிடம் காத்திருந்தோம். பேனா மூடியால் குதியின் தோலைக் குத்திப் பார்த்தார், அசையவில்லை.

"சரி, நேரா ஓட்டுங்க" என்றார்.

அண்ணன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினார். ஊசிக்கு முன் நேராக ஓடும்போது தலை ஆடாத குதிரை இப்போது ஒவ்வொரு இரண்டாவது தப்படிக்கும் தலையைத் தூக்கித் தூக்கி ஆட்டியது. வலது கால் பட்டால் மேலே, இடது கால் பட்டால் கீழே. யார் பார்த்தாலும் தெரிகிற நொண்டல். இடது காலின் வலி போனதும், அது மறைத்துவைத்திருந்த வலது காலின் வலி வெளியே வந்துவிட்டது. அண்ணன் நின்று, அவன் கழுத்தில் கை வைத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் இருந்தார்.

வலது காலுக்கும் ஊசி போட்டார். பத்து நிமிடம் கழித்துக் கருப்பட்டி ஓடியதைப் பார்த்து எனக்குத் தொண்டை அடைத்தது. தோளிலிருந்து கால் நீண்டு வந்தது. செம்மண் திடலில் அவன் அப்படி ஓடி நான் மூன்று மாதமாகப் பார்க்கவில்லை. மருத்துவர் சம்மதித்ததும் மாணவியை ஏற்றி, புதுச் சேணத்தோடு இரண்டே சுற்று பார்த்தோம். மதிப்பெண் 3. மரத்துப்போன காலில் அதற்கு மேல் ஓட்டக் கூடாது. வலி தெரியாமல் காயத்தைப் பெரிதாக்கிக்கொள்ளும், தடுக்கியும் விழும்.

எக்ஸ்ரேயைப் பக்கவாட்டில் எடுத்தார்கள். கணு எலும்பும் குளம்பின் முன்சுவரும் ஒரே கோட்டில் இறங்க வேண்டும். கருப்பட்டிக்கு அந்தக் கோடு குளம்பில் வந்ததும் முன்னால் படுத்துவிட்டது. முனை நீளம், குதி தாழ்வு. குளம்புக்குள் இருக்கும் கடைசி எலும்பின் அடிப்பாகம் பின்பக்கம் சில டிகிரி உயர்ந்திருக்க வேண்டும், இங்கே ஏறக்குறைய தட்டை. அப்படி இருந்தால் காலின் பின்பக்கம் இறங்கி வரும் ஆழ்த்தசைநாண் கூடுதலாக இழுபட்டு, அதற்கு மேலே படகு போல் கிடக்கும் நேவிகுலர் எலும்பை ஒவ்வொரு தப்படியிலும் அழுத்தும். நல்லவேளை, அந்த எலும்பில் மாற்றம் எதுவும் தெரியவில்லை. குளம்புக்குள் இருக்கும் அந்தக் கடைசி எலும்பு நிலை மாறிச் சுழன்றிருக்கவும் இல்லை, எனவே குளம்பழற்சி என்ற பயமும் போனது. குளம்பின் பின்பாக வலி, காரணம் குளம்பின் வடிவம் என்று எழுதிக்கொடுத்தார்.

வடிவம் கெட்டதற்குக் காரணம் நாங்கள். லாடம் அடிப்பவர் தொலைவிலிருந்து வருகிறார். எட்டுக் குதிரைக்கும் சேர்த்து ஒரே முறை வரவழைத்தால் செலவு குறையும் என்று 10 வாரம், 12 வாரம் தள்ளிப்போட்டோம். குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வளரும். வளர வளர முனை முன்னால் ஓடும், லாடமும் அதோடு முன்னால் போகும், குதிக்கு அடியில் தாங்கல் இல்லாமல் போகும். கையிருப்பில் இருந்த சின்ன அளவு லாடத்தையே அவனுக்குப் போட்டுவந்ததால் அது இன்னும் சீக்கிரம் நடந்தது. தரை மெத்தென்று இருந்தவரை தாங்கிக்கொண்டான். இறுகியதும் முடியவில்லை. குதி வலிக்காமல் இருக்க முன்காலைக் குறுக்கி ஓடினான், அதோடு தோளில் சேணமும் கவ்வியது. இரண்டு வலியும் ஒரே மாதிரி குட்டை ஓட்டமாகத் தெரிந்ததால்தான் ஒன்றைத் தீர்த்த பிறகும் மற்றது மறைந்து நின்றது.

செய்ததும் வந்ததும்

லாடம் அடிப்பவர் எக்ஸ்ரேயைச் சுவரில் சாய்த்துவைத்துக்கொண்டு வேலை செய்தார். முனையை எவ்வளவு எடுக்க முடியுமோ அவ்வளவு எடுத்தார். அடுத்த அளவு லாடம், முனையில் உருட்டிவிட்டு, பின்னால் தள்ளி, குதிக்கு அடியில் முழுத் தாங்கல் கிடைக்கும்படி நீளமாக. குதியை உயர்த்த ஆப்பு வைக்கலாமா என்று கேட்டேன். இப்போதைக்கு வேண்டாம், நசுங்கியிருக்கிற குதி இன்னும் நசுங்கும் என்றார். மருத்துவரும் அதையே சொன்னார். 5 வாரத்துக்கு ஒருமுறை கட்டாயம் என்று நாட்காட்டியில் குறித்தோம். எட்டுக் குதிரைக்கும்.

முதல் ஐந்து நாளைக்கு மட்டும் மருத்துவர் வலிமருந்து கொடுத்தார். மட்டக்குதிரைகளுக்கு பினைல்பியூட்டசோன் வகை மருந்து எளிதில் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும் என்பதால் உடல் எடைக்கு அளந்து, தண்ணீர் குடிக்கிறானா என்று கவனித்துக் கொடுத்தோம். வலிமருந்து கொடுத்துக்கொண்டே வகுப்புக்கு விடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஊர் ஊராக அது நடக்கிறது, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

ஆறு வாரம் ஆள் ஏறவில்லை. பகலில் மரத்தடி மேய்ச்சல், தினமும் அரை மணி கைநடை, அதாவது ஆள் ஏறாமல் கயிற்றைப் பிடித்து நடத்துவது. முதல் லாட மாற்றத்தின்போது, ஐந்தாவது வாரம், குளம்பு தட்டையாக இறங்க ஆரம்பித்தது. ஏழாவது வாரம் சிறுமி ஏறினாள், மணலில், நேர்கோட்டில் மட்டும். மதிப்பெண் 6. பத்தாவது வாரம் 4. பதினைந்தாவது வாரம் செம்மண் திடலில் வட்டம் சுற்றியபோது இடப்பக்கம் சுத்தமாக இருந்தது, வலப்பக்கம் முதல் இரண்டு சுற்றில் வலது காலை இன்னும் கொஞ்சம் பார்த்துத்தான் வைத்தான். மதிப்பெண் 3.

முழுக் குளம்பும் மேலிருந்து கீழே புதிதாக வளர்ந்து வர 9 முதல் 12 மாதம் ஆகும். அதுவரை வகுப்புகளில் திடலில் டிராட் கிடையாது, தார்ச்சாலை கிடையாது, 40 கிலோவுக்கு மேல் யாரும் ஏற முடியாது. ஆறாவது மாதம் மறுபடி எக்ஸ்ரே எடுக்கிறோம். நேவிகுலர் எலும்பில் மாற்றம் தெரிந்தால் அவனைக் கைநடைக்கும் குழந்தைகள் தடவிக்கொடுப்பதற்கும் மட்டும் வைத்துக்கொள்வது என்று பேசி வைத்திருக்கிறோம்.

பதிவேட்டில் இப்போது ஒவ்வொரு வகுப்புக்கும் தரை, லாடம் அடித்து எத்தனை வாரம், சேணத்தின் எண் என்று மூன்று கட்டம் கூடியிருக்கிறது. நான்காவது கட்டம் லாயத்து அண்ணனுடையது. அவருக்கு எழுத நேரமில்லை என்பதால் மாலையில் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். நேற்றைக்குக் கருப்பட்டிக்கு அவர் சொன்னது: "தொட்டிக்குப் போகையில கல்லு மேலயே நடந்தான்."